ஆளைக் காணோமே என்று கேட்க யார் இருக்கிறார்கள்? கடைத்தெரு எடுக்க வேண்டிய ஒரு முடிவு

ஐம்பது கடைகள் உள்ள ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. கோயில் கொடைக்கு எழுதியதும், கோடையில் நீர்மோர்ப் பந்தல் போட்டதும் போகக் கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. "இந்த வருஷம் ஜனங்களோட மனசுக்கு ஏதாவது செய்யலாமே" என்று ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு இப்படி ஒரு பேச்சு எழுவது அதிசயமில்லை. யாரும் மறுத்தும் பேச மாட்டார்கள். எதைச் செய்வது என்ற இடத்தில்தான் கூட்டம் இழுக்கும்.

ஒருவர் முகாம் போடலாம் என்பார். இன்னொருவர் டீக்கடையில் 'வாங்க, பேசலாம்' என்று ஒரு மேசை போடச் சொல்வார். சலூன்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று படித்த இளைஞர் யாராவது சொல்வார். மளிகைக் கடை வழியாகத் தனியாக வாழும் பெரியவர்களைக் கவனிக்கலாம், பெண்களுக்குத் தையல் கடை, பார்லர் வழியாக ஏதாவது செய்யலாம் என்றும் யோசனை வரும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "முதல்ல நம்ம கடைப் பிள்ளைங்களைப் பார்ப்போம்" என்று முணுமுணுக்கும். எதுவும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் சங்கத்தின் பணமும் ஆளும் இரண்டு வேலைக்குத்தான் தாங்கும்.

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சலூன் ஒன்று, மளிகைக் கடையின் வீட்டு டெலிவரி ஒன்று. பின்வரிசைக் குரலைப் போட்டியில் சேர்க்கக் கூடாது. அது மற்ற எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை. காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதை வைத்து அளப்பது?

2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகளுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்று அது கணக்கிட்டது. நம் நாட்டில் 2015-16இல் பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்ததாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைப் பக்கமே போகவில்லை என்றும் காட்டியது. கடைத்தெரு யோசிக்க வேண்டிய இடம் இந்தக் கடைசி வரி. சிகிச்சை கொடுப்பது கடைக்காரர் வேலை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை மட்டும்தான் டாக்டருக்குத் தெரியும். வழக்கமாக வருகிற ஒருவர் வராமல் போனது கடைக்காரருக்குத் தெரியும். தெருவில் வேறு எந்த நிறுவனத்துக்கும் இந்தத் திறமை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு உண்டு, அது பிள்ளைகளுக்கு. நாற்பது வயது ஆணுக்கும் எழுபது வயது பாட்டிக்கும் வருகைப் பதிவேடு வைத்திருப்பது கடை ஒன்றுதான்.

ஆகவே ஒவ்வொரு யோசனையிடமும் நான் கேட்பது இவைதான். அதே ஆள் திரும்பத் திரும்ப வருகிறாரா? வந்தால் நாலு வார்த்தை தனியாகப் பேச அங்கே இடமும் நேரமும் இருக்கிறதா? வராமல் போனால் யாராவது கவனிப்பார்களா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த வாசலை மிதிக்கவே முடியாதவர்கள் யார்?

முகாம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அக்டோபர் 10, உலக மனநல நாள். ஷாமியானா, ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கி, சால்வை, மதியச் சாப்பாடு. பணம் முழுவதும் ஒரே நாளில் கரையும். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற பந்தலுக்குள், 'மனநல ஆலோசனை' என்று எழுதிய மேசையை நோக்கி யார் நடந்து போவார்? ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வருவார்கள், அதோடு திரும்பிப் போவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து பார்க்கும் நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நாளும் நேரமும் எல்லாக் கடையிலும் தெரியும்படி எழுதிவைத்தால் முகாமில் பாதி வேலை செலவில்லாமல் நடந்துவிடும்.

டீக்கடை மேசை

இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் 2017இல் அலெக்ஸாண்ட்ரா ஹாஸ்கின் என்பவர் காபிக் கடைகளில் ஒரு மேசையை ஒதுக்கிவைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அதில் உட்கார்ந்தால், முன்பின் தெரியாதவரோடு பேசச் சம்மதம் என்று பொருள். கைக்குழந்தையோடு தனியே கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேசைகளிலும் அதேபோலத் தனியாளாகச் சிலர் இருப்பதைக் கண்டு தோன்றிய யோசனை அது. 2019இல் கார்டிஃப் நகரப் பூங்காவில் பெரியவர் ஒருவர் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருப்பதையும் யாரும் பேச்சுக் கொடுக்காததையும் பார்த்த ஆலிசன் ஓவன்-ஜோன்ஸ், பெஞ்சுகளில் இதே கருத்தில் அறிவிப்பு மாட்டினார். இரண்டும் நல்ல காரியங்கள். அந்நியரோடு பேசுவது அநாகரிகம் என்று நினைக்கிற ஊரில் பேசுவதற்கு ஒரு அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது.

நம் டீக்கடைக்கு அந்தச் சீட்டு எதற்கு? 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியின் ஒரே பிரதியை நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர் மறுக்க, காலையிலேயே சட்டமன்றம் கூடிவிடுகிற இடம் அது. பெஞ்சுக்கும் பேச்சுக்கும் அங்கே பஞ்சமில்லை. அங்கே குறை வேறு இடத்தில் இருக்கிறது. பத்துப் பேர் காதில் விழும்படி உலக அரசியலை அலசலாம். மூன்று மாதமாக வாடகை கொடுக்க முடியவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. மனசு நொறுங்கிப்போனவர் முதலில் நிறுத்திக்கொள்வதே இந்த மாதிரி சபைகளைத்தான்.

வாசலை மிதிக்க முடியாதவர்கள் யார் என்ற கேள்விக்கும் டீக்கடையின் பதில் சங்கடமானது. பெரும்பாலான ஊர்களில் ஒரு பெண் தனியாக அந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட முடியாது. இரட்டைக் குவளையின் வரலாறும் இதே டீக்கடைகளின் வரலாறுதான். சில ஊர்களில் கண்ணாடித் தம்ளர் போய்க் காகிதக் கப் வந்ததோடு அது கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே. டீக்கடையை 'ஊர் கூடும் இடம்' என்று நாம் உருகி எழுதும்போது எந்த ஊர் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. சங்கம் இங்கே செய்யத்தக்கது ஒன்றுதான்: எல்லோருக்கும் ஒரே தம்ளர், ஒரே பெஞ்ச் என்று தீர்மானம் போட்டு அதை நடத்திக் காட்டுவது. அதற்குப் பணம் தேவையில்லை, துணிச்சல் தேவை.

சலூன்

ஓர் ஆண் மாதம் ஒருமுறையாவது இருபது நிமிடம் அசையாமல், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு மனிதரின் கையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்காருகிற இடம் சலூன் ஒன்றுதான். இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொள்வதில்லை, கண்ணாடியில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருப்பதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. கழுத்தில் சவரக் கத்தி வைக்கவிட்டவரிடம் வேறெதை மறைப்பது? முடிதிருத்துபவருக்கும் சொல்லாமலே பல விஷயம் தெரிந்துவிடும். வாராவாரம் சவரத்துக்கு வந்தவர் ஒரு மாதத் தாடியோடு வந்தால், கழுத்து மெலிந்து காலர் தொளதொளத்தால், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அதை முதலில் பார்ப்பவர் அவர்.

ஆண்களுக்கான இடம் என்பதை இங்கே குறையாக மட்டும் பார்க்க மாட்டேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். உதவி கேட்பதில் மிகவும் பின்தங்கியவர்களும் அவர்கள்தான்.

சலூன் வழியாக உடல்நலம் பேணலாம் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து வந்தது. டாக்டர் ரொனால்ட் விக்டர் தலைமையில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அது. 52 முடிதிருத்தகங்கள், ரத்த அழுத்தம் கூடியிருந்த 319 கறுப்பின ஆண்கள், எல்லோரும் அந்தந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னதோடு, மருந்தாளுநர் ஒருவரும் கடைக்கே வந்து பார்த்து மருந்து எழுதினார். மற்றக் கடைகளில் முடிதிருத்துபவரின் அறிவுரை மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. இரண்டாவது பிரிவில் 9 புள்ளி. ரத்த அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றல்ல, அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிட முடியாது. ஆனாலும் சங்கம் கவனிக்க வேண்டியது அந்த 9க்கும் 27க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. கடைக்காரரின் நல்ல வார்த்தைக்கு ஒரு பலன் உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் கடைக்குள்ளேயே வந்து நின்றால் பலன் மும்மடங்கு.

மனநலத்துக்கென்றே நடக்கும் முயற்சிகளும் உண்டு. நண்பர் ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த டாம் சாப்மன் என்ற முடிதிருத்துநர், இங்கிலாந்தில் 2015இல் சக தொழிலாளர்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கற்றுக்கொடுப்பது நாலே படி: மாற்றத்தைக் கவனி, நேரடியாகக் கேள், குறுக்கிடாமல் காது கொடு, சரியான இடத்துக்கு வழி சொல். அமெரிக்காவில் லோரன்சோ லூயிஸ் 2016இல் தொடங்கிய இயக்கமும் கறுப்பின முடிதிருத்துநர்களுக்கு இதே தன்மையில் பயிற்சி தருகிறது.

நம் ஊருக்கு இது இறக்குமதிச் சரக்கு அல்ல. முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் இங்கே பழையது. கட்டி கீறியது, எண்ணெய் காய்ச்சியது, பச்சிலை கொடுத்தது அவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்தார்கள். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் அமைத்து, உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தார். 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் அவரோடு தமிழில் பேசியபோது நாடே அவரை அறிந்தது. காத்திருக்கும் நேரத்தைக் கைபேசியிடமிருந்து மீட்க ஓர் அலமாரி போதும் என்று அவர் காட்டினார்.

இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சியை இலவசச் சேவையாகக் கேட்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக இந்தச் சமூகத்திடம் கூலி இல்லாமலும் அரைக் கூலிக்கும் ஊர் வாங்கிய வேலை போதும். இப்போது 'ஊர் மனசையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இன்னொரு மூட்டையை ஏற்றுவதானால், பயிற்சி நாளுக்குச் சம்பளமும் கடை வாசலில் மரியாதையான அறிவிப்பும் தந்தாக வேண்டும். அதோடு, யார் வந்தாலும் முடி வெட்டுவோம் என்று சாதி பாராமல் நடத்தும் கடைகளை மட்டுமே சேர்க்க வேண்டும். இன்னமும் சில கிராமங்களில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று ஆள் மாற்றம். புதிதாக வந்த குளிர்சாதனச் சலூன்கள் பலவற்றில் வேலை செய்பவர்கள் வடமாநில இளைஞர்கள். ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், மொழியும் தடை. (உண்மையில் அந்தத் தெருவிலேயே மிகவும் தனியாக இருப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.) ஆகவே முதலாளியே கத்தரி பிடிக்கிற பழைய கடைகளில் தொடங்குவதுதான் சரி.

பெண்களுக்கு எங்கே?

சலூனைத் தேர்ந்தெடுத்தால் பாதி ஊர் வெளியே நிற்கிறது. பார்லர் அதற்கு ஈடு என்று தோன்றும். டோகோ, ஐவரி கோஸ்ட், கேமரூன் நாடுகளில் மேரி-அலிக்ஸ் டி பட்டர் தொடங்கிய புளூமைண்ட் அமைப்பு, தலைமுடி அலங்காரம் செய்யும் பெண்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி தருகிறது. அங்கே பின்னல் போட மணிக்கணக்கில் உட்கார வேண்டும், பேச்சும் அப்படியே நீளும். நம் சிறு நகரப் பார்லருக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் கல்யாணப் பெண், கல்லூரிப் பெண், வேலைக்குப் போகிறவர். காசு நெருக்கடியில் இருக்கும் வீட்டுப் பெண் அங்கே வருவதில்லை.

தையல் கடைக்கு எல்லா வீட்டிலிருந்தும் வருகிறார்கள். அளவு கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை, பிடிக்கவில்லை என்று பிரிக்க ஒருமுறை. அளவு ரவிக்கையை விட இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கச் சொன்னால், ஏன் இப்படி மெலிந்தீர்கள் என்று தையல்காரம்மாதான் கேட்பார். கையில் காயம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் முறையாக ஒன்றைத் தொடங்குவதற்குப் பெண்களிடம் கடைகளை விடப் பலமான ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்கள். அங்கே கூட்டம் உண்டு, வருகைப் பதிவு உண்டு, வராதவர் வீட்டுக்கு ஆள் போகும் பழக்கமும் உண்டு. தவணை கேட்கப் போகிறார்கள் என்பது வேறு கதை. தவணை அழுத்தமே சில வீடுகளில் நோயாகவும் இருக்கிறது. எனவே சங்கம் தையல்காரம்மாக்களில் விருப்பமுள்ளவர்களைச் சலூன்காரர்களின் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்ளட்டும். தனித் திட்டமாக விரிக்க இப்போதைக்கு வேண்டாம்.

மளிகைக் கடை

நெதர்லாந்தின் ஜம்போ என்ற பல்பொருள் அங்காடி 2019இல் ஃப்ளைமென் என்ற ஊரில் அவசரமில்லாதவர்களுக்கென்று ஒரு கல்லாவை ஒதுக்கியது. அந்த வரிசையில் நிதானமாகப் பேசிக்கொண்டே பணம் கட்டலாம். வரவேற்பைப் பார்த்து 2021இல் அதை 200 கடைகளுக்கு விரிவாக்கப் போவதாக அறிவித்தார்கள். கனடாவில் சாண்ட்ஸ்ட்ராம், டன் என்ற உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. காபி வாங்கும்போது கடைக்காரரோடு சிரித்து நாலு வார்த்தை பேசியவர்கள், வந்த வேலையை மட்டும் பார்த்தவர்களை விடச் சற்று உற்சாகமாக உணர்ந்தார்கள்.

அண்ணாச்சி கடைக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் பத்து வருடம் முன்பு சொல்லியிருப்பேன். மாதக் கணக்கு நோட்டு இருந்தவரை பேசாமல் சாமான் வாங்க முடியாது. போன மாதப் பாக்கியைக் கேட்கிற சாக்கிலாவது வீட்டு நிலவரம் வந்துவிடும். இப்போது க்யூஆர் அட்டை வந்திருக்கிறது. எவ்வளவு வரவு என்று பெட்டி பேசுகிறது; அண்ணாச்சி நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாமான் பட்டியலும் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை, பத்து நிமிட டெலிவரிக்காரர்களோடு போட்டி போட அவருக்கு வேறு வழியில்லை. மதியம் மூன்றிலிருந்து நாலு வரை கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்டூல் போட்டுப் பெரியவர்களை வரச்சொல்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச வேண்டிய பலருக்கு மூட்டுவலி, கடைக்கே வர முடியாது.

அதனால்தான் கல்லாவை விட டெலிவரிப் பையனை நம்பச் சொல்கிறேன். ஜப்பானில் யாகுல்ட் பானத்தை வீடு வீடாக விற்கும் பெண்கள், 1972இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமா நகரில் தனியாக வாழும் முதியவர்களை விசாரித்துச் செல்லத் தொடங்கினார்கள். தெரிந்த ஒருவர் யாருமின்றி இறந்துபோனதைக் கண்டு மனம் வருந்திய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து அது தொடங்கியது. பிறகு உள்ளாட்சிகளும் கைகோத்தன. அப்படி இருந்தும் 2024இல் ஜப்பானில் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76,000 பேர் என்று அந்நாட்டுக் காவல்துறை கணக்குச் சொல்கிறது. நம் தெருவிலும் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, பூட்டிய கேட்டுக்குள் இரண்டு பேரோ ஒருவரோ மட்டும் வாழும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த வீட்டுக் கதவை அடிக்கடி தட்டுபவர்கள் பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், தண்ணீர் கேன் தூக்கி வருகிறவர், மளிகை கொண்டுவருகிறவர். நேற்றைய பால் பாக்கெட் பையிலேயே கிடந்தால் அது தகவல்.

ஏற்பாடு எளிது. சம்மதம் தெரிவித்த பெரியவர்களின் பெயரும், முதலில் அழைக்க வேண்டிய உறவினர் அல்லது பக்கத்து வீட்டார் எண்ணும் ஒரு நோட்டில் இருக்கும். வழக்கமான ஆர்டர் வரவில்லை என்றால் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் நேரில் ஒரு ஆள். அதற்கும் பதில் இல்லையென்றால் நோட்டிலுள்ள எண். முதியோர் உதவி எண் 14567 நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். சாமானை வைத்துவிட்டு ஓடாமல் இரண்டு நிமிடம் நின்று, "மாத்திரை இருக்கா, தூங்குனீங்களா பாட்டி?" என்று கேட்கிற பையனுக்கு அந்த இரண்டு நிமிடத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவான். தப்பு அவனுடையதாக இருக்காது.

ஒரு பெரிய பயம் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. பெண் கொடுப்பவர், எடுப்பவர் தெருவுக்கு வந்தால் முதலில் விசாரிப்பது எங்கே? மளிகைக் கடையில்தான். "நல்ல குடும்பந்தான், பையனுக்குத்தான் கொஞ்சம்..." என்று இழுத்தாலே ஒரு சம்பந்தம் நின்றுபோகும். ஊர் விஷயம் தெரிந்த கடை என்பதே மனநலத்துக்கு எதிரியாகவும் ஆகும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மேல் சுமத்துகிறது. கடைக்காரரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே சங்கமே விதி எழுத வேண்டும்: நோட்டில் நோய் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது, நோட்டு கடையை விட்டு வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் ஏறவே கூடாது. தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் திருடனுக்குக் கிடைத்தால் என்னவாகும் என்று யோசித்தால் இந்த விதியின் அருமை தெரியும்.

இதே காரணத்தால்தான் மெடிக்கல் ஷாப்பை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. யார் என்ன மாத்திரை வாங்குகிறார் என்று தெரிந்த இடம் அது. வாயைத் திறக்காமல் இருப்பதே அவர்கள் செய்யும் பெரிய தொண்டு. அதோடு உதவி எண்ணைக் கவரின்மேல் அச்சிட்டுக் கொடுக்கலாம். உரக்கடை, பலசரக்குக் கடைகளுக்கு மட்டும் கட்டாயமாக ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தான சில பொருள்களைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம், தனியாகப் பதற்றத்தோடு வந்து கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2022இல் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். ஒருவரை ஒரு மணி நேரம் தாமதப்படுத்துவதே பல சமயம் அவரைக் காப்பாற்றிவிடும். இது தேர்வுக்குரிய யோசனை இல்லை, நாளையே செய்ய வேண்டிய வேலை.

பின்வரிசைக் குரல்

ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. சட்டம் வந்த பிறகும் நாற்காலி ஓரத்தில் மடக்கி வைக்கப்பட்டிருக்கும் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன் ஊழியரை நிற்க வைத்துவிட்டு வாடிக்கையாளருக்கு மனநல மேசை போடுவது விளம்பரம்தான். வார விடுமுறை, உட்கார நாற்காலி, சம்பளம் தேதியில். இந்த மூன்றும் இருக்கிற கடைகளுக்கே திட்டத்தில் இடம் என்று சங்கம் வைத்தால் பாதிக் கடைகள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

முதலாளியின் நிலையும் பேச வேண்டியதே. விடிகாலை ஐந்துக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பத்துக்கு இறக்குகிறவர், சாயங்காலமானால் தண்டல்காரருக்குப் பதில் சொல்கிறவர், அவரை யார் விசாரிப்பது? பக்கத்துக் கடைக்காரர்தான். கடை இரண்டு நாள் திறக்காவிட்டால் சங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்ற ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டாலும் போதும்.

கேட்ட பிறகு என்ன?

சலூனில் ஒருவர் கண்கலங்கிவிட்டார். அடுத்து? இந்த இடம் காலியாக இருந்தால் முழுத் திட்டமும் வீண். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய நட்பு பெஞ்சில் பாட்டிமார்கள் உட்கார்ந்து மனச்சோர்வுக்காரர்களோடு பேசினார்கள். 2016இல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 14, வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 50. பாட்டிகளின் வெற்றி வெறும் பாசத்தால் வந்ததில்லை. முறையான பயிற்சி, ஆறு அமர்வு, மேற்பார்வைக்கு ஆட்கள், பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சுகாதார நிலையம். நம் சலூன்காரரிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. அவர் நாலாவது படியான வழி சொல்வதோடு நிற்க வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக, தமிழிலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழக அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்குகிறது. எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதை விட, "இங்கேயே உட்கார்ந்து போடுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்பது மேல். லாஸ் ஏஞ்சலஸ் மருந்தாளுநர் போல ஒருவர் கடைக்கு வருவதானால் இன்னும் மேல். மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரை மாதம் ஒருமுறை சலூன்களுக்கு வந்துபோகும்படி சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தனி மனிதர் கேட்டால் கிடைக்காதது சங்கத்தின் கடிதத் தாளுக்குச் சில சமயம் கிடைக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்றால், பெரும்பகுதி பயிற்சி நாளின் சம்பளத்துக்கும் பயிற்சி தருபவரின் போக்குவரத்துக்கும் போகட்டும். டெலிவரிப் பையன்களின் கூடுதல் நேரத்துக்கு ஒரு பகுதி. மிச்சத்தில் சலூனுக்கு ஓர் அலமாரி, கொஞ்சம் பழைய புத்தகம், கண்ணாடியின் ஓரத்தில் 14416 என்று ஒரு ஸ்டிக்கர். முதல் வகுப்பைச் செவ்வாய்க்கிழமை வைக்க வேண்டும். அன்றுதான் சலூன்களுக்கு விடுமுறை. விடுமுறை நாளை எடுத்துக்கொள்வதால் சம்பளம் ஒன்றரை மடங்காக இருக்கட்டும், மதியச் சாப்பாடும் சங்கச் செலவில்.